நங்கையாவின் நம்பர்

விளக்கமாறு வாங்கப் போன இடத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நாமக்கல்லில் அப்போது புதிதாகத் திறந்திருந்த பெரிய மளிகைக் கடை. ஏ.சி., தள்ளுவண்டி, வரிசையாக ஏழெட்டு இடத்தில் பில் போடும் மேசை என்று ஏக தடபுடல். நான் எடுத்ததோ ஒரே ஒரு விளக்கமாறு. கம்ப்யூட்டர் முன்னால் நின்ற பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பில் ஒட்டியிருந்த கோடு போட்ட சீட்டைக் கண்டுபிடித்து, ‘டிக்’ என்று சத்தம் வரவைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

“நம்பர் சொல்லுங்க மேடம்.”

“எந்த நம்பருங் கண்ணு?”

“போன் நம்பர்.”

“எதுக்கு? ஊடு வந்து சேந்துட்டேன்னு இந்த வெளக்கமாறு எனக்குப் போன் பண்ணுமா?”

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நம்பர் போடாவிட்டால் பில் நகராது என்றாள். கூடவே பிறந்த நாளும் கல்யாண நாளும் சொன்னால் பரிசெல்லாம் உண்டு என்றாள். விளக்கமாறும் கையுமாக நிற்பவளிடம் கல்யாண நாளைக் கேட்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள். என்னை இன்னொருவர் கேள்வி கேட்டால் எனக்கு ஆகாது.

பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்ட ஆரம்பித்தார்கள். ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லித் தொலைக்க வேண்டும். வாயில் வந்தது நங்கையாவின் நம்பர்.

நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் இருப்பது ஜேடர்பாளையம், நாங்கள் பரமத்தி வேலூர். நடுவில் அரை மணி நேர பஸ் பயணம்தான். அந்தத் தூரம் போதாது என்று நான் நினைத்த நாட்கள் நிறைய உண்டு. அன்று காலையில்கூட வந்தவர், நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, “இந்தக் கொழம்பு என்னைக்கு வச்சது கண்ணு?” என்று கேட்டிருந்தார். என் வீட்டுக்காரர் காதில் விழும்படி வேறு கேட்டார். அந்தக் கடுப்பு உள்ளே அப்படியே இருந்தது. கடைக்காரர்கள் அனுப்பும் குப்பையெல்லாம் அந்த போனுக்கே போகட்டும் என்று பத்து எண்களையும் கடகடவென்று ஒப்பித்தேன். பிறந்த நாளும் அவருடையதையே கொடுத்தேன். கணக்கு டீச்சருக்கு எண் மறக்காது.

பழி வாங்கிவிட்ட திருப்தி ஒரு மாதம்தான் நிலைத்தது. அடுத்த முறை வந்தபோது நங்கையா போனை நீட்டிப் பெருமையாகக் காட்டினார்.

“பாரு கண்ணு, நாமக்கல் கடக்காரரு எனக்குப் பொறந்த நாள் வாழ்த்து அனுப்பிருக்காரு. நான் பெத்த மவராசன் ஒருத்தனுக்கு இது ஞாபகமிருக்குதா?”

வாழ்த்தோடு பரிசும் இருந்தது. நேரில் போய்ப் போனைக் காட்டி, நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி வந்துவிட்டார். என் விளக்கமாற்றுக்கு அவர் வீட்டுக்கு வாளி போனது. எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. வாளி என்னுடையது என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் குட்டு உடைந்துவிடும்.

ஆனாலும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. துணிக்கடை, செருப்புக்கடை, பட்டாசுக்கடை, கண்ணாடிக்கடை என்று எங்கே கேட்டாலும் நாக்கு தானாக நங்கையாவின் நம்பரைச் சொல்லிவிடும். இரண்டொரு கடையில் போனுக்கு வரும் ரகசிய எண்ணையும் கேட்டார்கள். அங்கெல்லாம் சாமானை வைத்துவிட்டு, “போன ஊட்டுல வச்சுட்டு வந்துட்டனுங்க” என்று திரும்பிவிடுவேன். மற்றபடி என் போன் கோயில் குளம் போல அமைதியாகக் கிடந்தது. அவர் போன் ஓயாமல் ‘டிங் டிங்’ என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் டாக்டர் எனக்குப் பிரஷர் இருக்கிறது என்றார். தினம் ஒரு மாத்திரை, உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும்தான். பயம் என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பிரஷர் என்று தெரிந்துவிட்டால், அதன்பிறகு நான் என்ன கோபப்பட்டாலும், “பாவம், அவளுக்குப் பிரஷரு” என்று சொல்லித் தாண்டிப் போய்விடுவார்கள். இத்தனை வருடம் கட்டிக் காப்பாற்றிய கோபத்துக்கு ஒரு மரியாதை இருக்காது. அதனால் உள்ளூர் மருந்துக்கடையை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை நாமக்கல் போய், முகம் தெரியாத ஒரு பெரிய மருந்துக்கடையில் வாங்கிக்கொள்வேன். அங்கேயும் நம்பர் கேட்டார்கள். அங்கேயும் நாக்கு அதையே சொன்னது.

அந்தச் சமயத்தில் நங்கையாவிடம் எனக்குப் புதிதாக இரண்டு எரிச்சல் சேர்ந்தது. ஒன்று, அவர் சமையலில் உப்பு போய்விட்டது. கொள்ளுப் பருப்பு கடைந்தால் ஊரே மணக்கும் கை அது. இப்போது வாயில் வைத்தால் வெறும் சப்பு. வருடா வருடம் தூக்கி வரும் நாரத்தங்காய் ஊறுகாயும் நின்றுபோனது. “உப்பு கொஞ்சம் பத்தலீங்க நங்கையா” என்றால், “இப்ப வர்ற உப்புல சாரமே இல்ல கண்ணு” என்பார். வயதானால் நாக்கு செத்துவிடும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இன்னொன்று, மாதம் தவறாமல் ஒரு போன். மழை, வாய்க்கால் தண்ணீர், வாழைத்தார் விலை என்று சுற்றி வளைத்துக் கடைசியில், “ஏங் கண்ணு, நாமக்கல் போற சோலி எதுவும் இல்லியா?” என்பார். நான் எங்கே போகிறேன், எங்கே வருகிறேன் என்று வேவு பார்க்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலிலேயே மறுநாள் நாமக்கல் கிளம்பிவிடுவேன்.

இப்படி ஆறேழு வருடம் போனது. பிறகு என் மகனுக்குக் கல்யாணம் கூடி வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தச் சேலை எடுக்கும்போது, அந்த வீட்டில் பிறந்த பெண்தான் முதலில் அதைத் தொட வேண்டும். அவள் கை பட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். எங்கள் வீட்டில் பிறந்த பெண் நங்கையா ஒருவர்தான். அதற்கு மேலும் ஒரு பாத்தியதை அவருக்கு இருந்தது. நான் கொல்லிமலைப் பள்ளிக்கு மாற்றலாகிப் போன மூன்று வருடம், என் மகன் ஜேடர்பாளையத்தில் அவரிடம்தான் வளர்ந்தான்.

முன்பு ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் அவரைக் கூப்பிடாமல் சேலை எடுத்துவிட்டார்கள். நங்கையா கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், பந்தியில் மட்டும் உட்காரவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அந்த வீட்டு வாசலை அதற்குப் பிறகு அவர் மிதிக்கவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். காரணம், நங்கையாவுக்கு முகூர்த்தச் சேலை என்றால் அரக்கு நிறம்தான். அவர் எடுத்துக் கொடுத்து எங்கள் வகையறாவில் கல்யாணமான அத்தனை பெண்களும் போட்டோவில் ஒரே சேலையைக் கைமாற்றிக் கட்டியவர்கள் மாதிரி நிற்பார்கள். வரப்போகும் மருமகளோ சேலத்தில் வேலை பார்க்கிறவள். ஒருநாள் தயங்கித் தயங்கிப் போனில் சொன்னாள்.

“அத்தை, எனக்கு அரக்கு மட்டும் வேண்டாங்க. வெத்தலக் கொடிக்கால் பச்சை இருக்குது பாருங்க, அந்தக் கலர்னா ரொம்பப் பிடிக்கும்.”

வெற்றிலைக்குப் பேர் போன வேலூர்க்காரியிடம் வந்து வெற்றிலைப் பச்சை என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். திட்டம் இதுதான்: நாங்கள் இருவரும் முன்கூட்டியே போய்ச் சேலையைப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்வது. ஜவுளி எடுக்கும் நாளில் எல்லோரும் போகும்போது, கடைக்காரர் தற்செயலாக அதை விரிப்பது. அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கி வர, நான் கரூரிலிருந்து வந்த பஸ்ஸில் சேலம் போய் இறங்கினேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டுக்கடை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் நாங்கள் இருவரும் எந்தச் சேலையையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். விற்பனையாளர், “தொட்டுப் பாருங்க மேடம், வெயிட்டைப் பாருங்க” என்று மடியில் தள்ளத் தள்ள, நான் நகர்ந்து நகர்ந்து பெஞ்சின் ஓரத்துக்கே போய்விட்டேன். எங்களுக்கு ஏதோ தீட்டு என்று நினைத்திருப்பார். கடைசியில் அவரே தோளில் போட்டுக் காட்டினார், மீசையோடு. அப்படியும், அரக்குக் கரை போட்ட அந்தப் பச்சை அழகாகத்தான் இருந்தது.

“எடுத்து வைங்க. பத்து நாள்ல எல்லாரும் வருவோம். எங்கள முன்ன பின்ன பாத்த மாதிரி காட்டிக்காதீங்க” என்றேன்.

“சரிங்க மேடம். நம்பர் சொல்லுங்க, சேலை போட்டோவோட மெசேஜ் வந்துரும்.”

சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ் மல்லூர் தாண்டியிருக்கும். மருமகள் போனில் கூப்பிட்டாள்.

“அத்தை, சேலை போட்டோ வந்துச்சுங்களா? எனக்கும் அனுப்புங்க.”

போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் மறந்திருப்பார் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் நாக்கு என்ன சொன்னது என்பது நினைவுக்கு வந்தது. வெற்றிலைப் பச்சை முகூர்த்தச் சேலை, அரக்குக் கரை தெரிய, ஜேடர்பாளையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த அரை மணி நேரம் பஸ்ஸில் நான் என்னை நானே திட்டிய திட்டை என் மாணவர்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்து போயிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் நங்கையாவுக்குப் போன் செய்தேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்றார். மாடு கன்று போட்டிருக்கிறது என்றார். சேலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்த்துவிட்டாரா, பார்க்கவில்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் ஒரு கட்டு முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே போய்விட்டேன். அவர் காப்பி போட உள்ளே போன நேரத்தில் மேசை மேல் கிடந்த போனை எடுத்தேன். மெசேஜை அழித்துவிட்டால் போதும். போன் பூட்டியிருந்தது. கோலம் மாதிரி ஏதோ இழுத்தால்தான் திறக்குமாம். இரண்டு மூன்று கோலம் போட்டுப் பார்த்தேன்.

“என்ன கண்ணு, போன் வேணுங்குதா?”

சமையலறை வாசலில் நங்கையா, கையில் காப்பியோடு.

“இல்லீங்க, மணி பாக்கலாம்னு...”

“எதுக்கால செவுத்துல கடியாரம் தொங்குது.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு வந்து சேர்ந்தேன்.

அந்தப் பத்து நாளும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. வெளியில் வீறாப்பாகத் திரிந்தாலும் உள்ளுக்குள் பயந்துதான் போயிருந்தேன். என் மகன் கல்யாணத்தில் நங்கையா பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிப் போவது போல நினைத்துப் பார்ப்பேன். அந்தக் காட்சியில் அவர் முதுகு மட்டும்தான் தெரியும். எனக்கு அழுகை வந்துவிடும். அவர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜவுளி எடுக்கும் நாள் வந்தது. இரண்டு வீட்டாரும் வேன் பிடித்துச் சேலம் போனோம். அந்த விற்பனையாளர் என்னைப் பார்த்ததுமே, “வாங்க மேடம், நம்ம கடைக்கு இப்பத்தான் முதல் தடவையா வர்றீங்களா?” என்றார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது நான் முறைத்த முறைப்பில் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டார்.

நங்கையா நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அரக்கு நிறத்தில் இருபது சேலை விரித்தார்கள். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, கை வைக்காமலே தலையை ஆட்டித் தள்ளினார். பிறகு, “பச்சையில காட்டுங்க” என்றார். மருமகள் தரையைப் பார்த்தாள். விற்பனையாளர் எங்கள் சேலையைக் கொண்டுவந்து விரித்தார்.

நங்கையா அதைத் தொடவில்லை. மெல்ல என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

“தொட்டியா?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “இல்லீங்க நங்கையா. சத்தியமாத் தொடல.”

“புள்ள?”

“அவளுந் தொடல. ரெண்டு பேரும் கையப் பொறத்தால கட்டிட்டுத்தான் உக்காந்திருந்தோம்.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் அந்தக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. உதடு லேசாகத் துடித்தது.

“அப்பச் சரி” என்றார்.

இரண்டு கையையும் நீட்டிச் சேலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “புள்ளைக்கு இந்தக் கலரு நல்லாருக்கும். இதையே கட்டட்டும்” என்று எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார். அவர் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? சம்பந்தி வீட்டார் தலையாட்டினார்கள்.

பில் போடும் இடத்தில் அவரும் நானும் மட்டும் நின்றோம். “நம்பர் சொல்லுங்கம்மா” என்றாள் அங்கிருந்த பெண். நான் வாயைத் திறப்பதற்குள் நங்கையா ஒரு நம்பரை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அது என் நம்பர்.

“என்ற நம்பர ஊரு பூரா நீ குடுத்தீல்ல? இனி உன்ற நம்பர நாங் குடுக்கறேன்.”

“உங்களுக்கு எப்பத் தெரியுங்க?”

“மொத வெளக்கமாத்துலயே தெரியும். பில்லு போனுக்குத்தான வருது? என்ற நம்பரும் பொறந்த நாளும் உன்ன உட்டா வேற ஆருக்குத் தெரியும்? போன தையில மூணு வெளக்கமாறு வாங்கினியே, என்னத்துக்குக் கண்ணு அத்தன?”

அவர் குரலைத் தணித்தார்.

“மாத்தர தீரப் போவுது, வந்து வாங்கிக்கங்கன்னு மாசா மாசம் மருந்துக்கடக்காரரு அனுப்பறாரு. எனக்கெங்க பிரஷரு இருக்குது? ஒரம்பரை சனத்துக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சிருப்ப. தம்பிகிட்டக்கூட நான் மூச்சு உடல.”

அப்போதுதான் எனக்குக் கொள்ளுப் பருப்பில் காணாமல் போன உப்பு எங்கே போனது என்று தெரிந்தது. நாரத்தங்காய் ஊறுகாய் ஏன் வரவில்லை என்று தெரிந்தது. ‘நாமக்கல் போற சோலி இல்லியா’ என்று கேட்ட ஒவ்வொரு முறையும் நான் எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. ஆறேழு வருடத்தில் ஒரு நாளும் நான் மாத்திரை இல்லாமல் இருந்ததில்லை. அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில், பில் போடும் பெண் பார்க்கப் பார்க்க, நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று நங்கையா முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

அதன்பிறகு சொன்னபடியே செய்தார். என் போனுக்கு இப்போது ஓய்வே கிடையாது. அவர் வாங்கும் மாட்டுத் தீவனம், டார்ச் லைட், குடை எல்லாவற்றுக்கும் நன்றி எனக்கு வருகிறது. ஒரு வாழ்த்தில் பரிசும் வந்தது. விடுவேனா? போய் ஒரு வாளி வாங்கி வந்தேன். இது சிவப்பு.

போன ஐப்பசியில் ஒருநாள் மருந்துக்கடையிலிருந்து மெசேஜ் வந்தது. உங்கள் மாத்திரை மூன்று நாளில் தீர்ந்துவிடும் என்று. என்னுடையதாக்கும் என்று பார்த்தேன். மாத்திரையின் பெயர் வேறாக இருந்தது. போனிலேயே தேடினேன். இதயத்துக்கான மாத்திரை என்று வந்தது. எதிரில் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மருந்துக்கடையில் என் நம்பரை நங்கையா பழக்கத்தில் கொடுத்தாரா, வேண்டுமென்றே கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. நங்கையாவைப் போனில் கூப்பிட்டேன். மழையைப் பற்றிப் பேசினேன். வாய்க்காலைப் பற்றிப் பேசினேன். வாழைத்தார் விலையைக் கேட்டேன்.

“ஏனுங்க நங்கையா, நாமக்கல் போற சோலி எதுவும் இல்லீங்களா?”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“போவோணும் சாமி. நீயும் வாரியா?”

“வாரேனுங்க.”

மறுநாள் மருந்துக்கடையில் ஒன்றாக நின்றோம், ஆளுக்கொரு மாத்திரைப் பட்டையோடு. பில் போடும் பெண் நம்பர் கேட்டாள். நான் அவர் நம்பரைச் சொன்னேன். அதே நேரத்தில் அவர் என் நம்பரைச் சொன்னார். அந்தப் பெண் குழம்பிப் போய், “ஏதாச்சும் ஒரு நம்பர் சொன்னாப் போதும்மா” என்றாள்.

“ரெண்டையும் போட்டுக்க சாமி” என்றார் நங்கையா.